ஏழு வருடம் என்றால் எத்தனை வருடம்? ஒலிவியா டி ஹாவிலண்டும் ஸ்டூடியோ ஒப்பந்தமும்

பழைய ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நின்றுவிடும். ஒன்று, ‘கான் வித் த விண்ட்’ படத்தின் சாதுவான மெலனி. இன்னொன்று, தங்கை ஜோன் ஃபான்டேனோடு அவருக்கு இருந்த பகை. இந்த இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும்: ஸ்டூடியோ அடிமைத்தனத்தை எதிர்த்து வழக்குப் போட்டு நடிகர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர்.

அந்த மூன்றாவது வரியில்தான் சிக்கல். வாரம் 500 டாலர் வாங்கியவர் எப்படி அடிமை ஆவார் என்று ஒருவர் கேட்பார். ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடுவில் கிளம்பினால் கம்பெனி சும்மா இருக்குமா என்று இன்னொருவர் கேட்பார். அவரைப் புகழ்கிறவர்களும் சரி, குறை சொல்கிறவர்களும் சரி, அந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்பதில்லை. ஒலிவியா நடுவில் ஓடவில்லை. ஏழு வருடம் முடிந்த பிறகுதான் கிளம்பினார். சம்பளம் போதவில்லை என்றும் வழக்குப் போடவில்லை. நீதிமன்றத்தில் நடந்த சண்டையின் மையம், ஏழு வருடத்தை எப்படி எண்ணுவது என்பதுதான்.

அது எப்படி ஒரு சண்டை ஆகும் என்பதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

## ஆள் யார், சுருக்கமாக

1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்கள். 1919-ல் தாயும் இரண்டு பெண்களும் கலிபோர்னியா வந்து, பிறகு சாரடோகா என்ற சிற்றூரில் குடியேறினார்கள். 1934-ல் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற நாடக இயக்குநர் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைப் போட்டார். அதில் ஹெர்மியா வேடத்துக்கு ஒரு நடிகை, அவர் வராவிட்டால் நடிக்க ஒரு மாற்று நடிகை, அந்த மாற்று நடிகையும் வராவிட்டால் நடிக்க ஒலிவியா. முதல் இருவருமே சினிமா வேலை வந்து போய்விட்டார்கள். 18 வயதுப் பெண் மேடையேறினார்.

அந்த நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ படமாக எடுத்தபோது இவரையும் சேர்த்துக்கொண்டது. முதலில் வாரம் 200 டாலர் சம்பளம். 1936 ஏப்ரலில் ஏழு வருடத்துக்கான புது ஒப்பந்தம், தொடக்கச் சம்பளம் வாரம் 500 டாலர். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த நேரம் அது. 19 வயதுப் பெண்ணுக்கு இது பெரிய தொகை, சந்தேகமே இல்லை. எர்ரல் ஃப்ளின்னோடு ‘கேப்டன் பிளட்’, ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ என்று ஜோடிப் படங்கள் வரிசையாக வந்தன. மொத்தம் எட்டு. பெரும்பாலானவற்றில் இவருக்கு ஒரே வேலை: அழகாக உடுத்திக்கொண்டு, வாள் சுழற்றும் நாயகன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பது.

## ஸ்டூடியோ என்பது ஒரு ஆலை

நமக்கு ஸ்டூடியோ என்றால் வாடகைக்கு எடுக்கும் படப்பிடிப்புத் தளம் நினைவுக்கு வரும். 1930-களின் ஹாலிவுட் ஸ்டூடியோ அப்படி இல்லை. பஞ்சு வாங்கி, நூல் நூற்று, துணி நெய்து, சொந்தக் கடையிலேயே விற்கும் ஒரு ஆலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதை எழுதுகிறவர், ஒளிப்பதிவாளர், தையற்காரர், தச்சர், இயக்குநர், நடிகர் எல்லோரும் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். படம் முடிந்ததும் ஓட்டுவதற்கு ஊர் ஊராகச் சொந்தத் தியேட்டர்களும் இருக்கும். எம்.ஜி.எம், பாரமவுண்ட், வார்னர், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ என்ற ஐந்தும் இப்படித் தியேட்டர்வரை கையில் வைத்திருந்த பெரிய கம்பெனிகள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஸ்டூடியோ முறை என்று பெயர். நம் ஊரிலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி காலத்தில் மாதச் சம்பளக் கலைஞர்கள் இருந்தார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தியேட்டர் சொந்தமாக இருந்தால் அதற்குத் தீனி போட வேண்டும். வாரம் ஒரு புதுப் படம் கேட்கும். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக நடிகையைத் தேடி, சம்பளம் பேசி, தேதி வாங்கிக்கொண்டிருந்தால் தறி நின்றுவிடும். அதனால் நடிகர்களையும் முன்கூட்டியே வாங்கி இருப்பில் வைத்துக்கொண்டார்கள். ஏழு வருட ஒப்பந்தம் பிறந்தது இந்தத் தேவையில்தான். முதலாளி கெட்டவர் என்பதால் மட்டும் வந்ததில்லை.

## ஆப்ஷன்: ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு

“ஏழு வருட ஒப்பந்தம்” என்று கேட்டதும் ஏழு வருடம் வேலை உறுதி என்று தோன்றும். முதல் தவறு அதுதான்.

ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். உங்களோடு வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு எழுதிக்கொள்கிறார். வருடம் முடியும்போது, “நீ காலி செய்” என்று அவர் சொல்லலாம். “இன்னொரு வருடம் இரு” என்றும் சொல்லலாம். இரு என்றால் நீங்கள் இருந்தே ஆக வேண்டும், வேறு வீடு பார்க்கக் கூடாது. இப்படி ஆறு தடவை அவர் மட்டுமே முடிவு செய்யலாம். உங்களுக்கு ஒரு தடவைகூட வாய்ப்பு கிடையாது. இப்படி ஒரு வாடகைப் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஒலிவியா போட்டது அப்படிப்பட்ட ஒன்றுதான். முதலில் 52 வாரம். அதற்குப் பிறகு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் 52 வாரம் நீட்டிக்கும் உரிமை ஸ்டூடியோவுக்கு. இந்த உரிமைக்குப் பெயர் ஆப்ஷன். நீட்டித்தால் சம்பளம் ஒரு படி ஏறும், அதுவும் முன்கூட்டியே எழுதப்பட்ட தொகைதான். நடிகையின் படம் ஓஹோ என்று ஓடினாலும் அந்தத் தொகை மாறாது. படம் ஓடவில்லை என்றால் வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஆக, ஏழு வருடம் என்பது நடிகைக்கு அதிகபட்சக் கட்டு. ஸ்டூடியோவுக்கோ ஒரு வருடக் கடமை மட்டும்.

## லோன்-அவுட்: ஜே.சி.பி கணக்கு

ஊரில் ஜே.சி.பி வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநருக்கு மாதச் சம்பளம். வேறு ஒருவர் கிணறு தோண்டக் கேட்டால் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்தே போவார்கள். மணிக்கு இவ்வளவு என்று வரும் வாடகை முதலாளிக்குப் போகும். ஓட்டுநருக்கு அதே சம்பளம், மிஞ்சினால் படி.

ஒரு ஸ்டூடியோ தன் நடிகையை வேறு ஸ்டூடியோவுக்கு இப்படி அனுப்புவதற்கு லோன்-அவுட் என்று பெயர். ஒரு பேச்சுக்கு, நடிகையின் வாரச் சம்பளம் 1000 டாலர், கேட்டு வாங்கும் கம்பெனி கொடுப்பது 3000 என்று வைத்துக்கொண்டால், நடுவில் உள்ள 2000-மும் அவரை வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு. சில நேரம் பணம் இல்லாமல் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஒலிவியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடங்கள் வார்னரில் கிடைத்தவை அல்ல, கடனுக்குப் போன இடத்தில் கிடைத்தவை. ‘கான் வித் த விண்ட்’ தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் படம். அனுப்ப வார்னர் ஸ்டூடியோவின் தலைவர் ஜாக் வார்னர் சம்மதிக்கவில்லை. ஒலிவியா நேராக அவருடைய மனைவி ஆன் வார்னரை பெவர்லி ஹில்ஸில் உள்ள பிரவுன் டெர்பி உணவகத்தில் தேநீருக்கு அழைத்தார். இந்த வேடம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரியும், கொஞ்சம் சொல்லிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, கணவர் இறங்கி வந்தார். மெலனி வேடத்துக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

மெலனியாக நடித்துவிட்டு வார்னருக்குத் திரும்பியதும் இவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? பெட் டேவிஸ் ராணியாக நடித்த படத்தில் ராணியின் பணிப்பெண் வேடம். 1941-ல் மறுபடி கடனுக்குப் போனார், இந்த முறை பாரமவுண்டின் ‘ஹோல்ட் பேக் த டான்’ படத்துக்கு. அதற்கு முதன்மை நடிகைக்கான பரிந்துரை. அந்த வருடம் விருதைத் தங்கை ஜோன் தட்டிக்கொண்டு போன கதையைத்தான் எல்லோரும் சுவைத்துச் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறு: அக்காள், தங்கை இருவருமே ஒப்பந்தக் கைதிகள். ஜோன் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தில் இருந்தவர். ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படமே அவர் கடனுக்குப் போய் நடித்ததுதான்.

## சஸ்பென்ஷன்: நின்றுபோகும் கடிகாரம்

இதுதான் கட்டுரையின் இதயம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

என் முதல் வேலையில் இரண்டு வருட பாண்ட் எழுதிக்கொடுத்திருந்தேன். நடுவில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் 40 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டி வந்தது. இரண்டு வருடம் முடிகிற வாரத்தில் சந்தோஷமாகப் போய் நின்றால், “உங்களுக்கு இன்னும் 40 நாள் பாக்கி இருக்கே” என்றார்கள். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: விடுப்பு நாட்கள் பாண்ட் காலத்தில் சேராது. சம்பளமும் போச்சு, நாளும் போச்சு. நான் கையெழுத்துப் போட்டதை இல்லை என்று சொல்ல முடியுமா? இருந்து முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஹாலிவுட்டில் இதே ஏற்பாட்டின் பெரிய வடிவம் இருந்தது. ஸ்டூடியோ கொடுக்கும் கதையை நடிகை மறுத்தால் அவரைச் சஸ்பென்ஷனில் போடுவார்கள். அந்த வேடத்தில் வேறு ஒருவர் நடித்து முடிக்கும்வரை சம்பளம் கிடையாது. வேறு கம்பெனியில் நடிக்க முடியாது. மேடை, வானொலி எதற்கும் போக முடியாது. இவ்வளவும் தண்டனை என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். இதற்கு மேல் ஒன்று இருந்தது: சஸ்பென்ஷனில் இருந்த வாரங்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படம் எடுக்க எட்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருடத்தில் ஆறு கதைகளை நடிகை மறுத்தார் என்றால் 48 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒப்பந்தம் நீளும். அந்தக் கூடுதல் வருடத்தில் ஸ்டூடியோ இன்னும் மோசமான இரண்டு கதைகளை நீட்டினால்? மறுத்தால் இன்னும் 16 வாரம். அந்த 16 வாரத்தில் இன்னொன்று. மறுக்க மறுக்க முடிவுத் தேதி பின்னால் போய்க்கொண்டே இருக்கும். மறுக்காமல் நடித்தால் பெயர் கெடும். முடிவுத் தேதி வரும்போது மதிப்பில்லாத நடிகையாக வெளியே வர வேண்டியதுதான்.

சுவரில் மாட்டிய கடிகாரத்தைக் கழற்றி முதலாளி தன் பையில் போட்டுக்கொண்ட மாதிரி. வேண்டும்போது ஓட விடுவார், வேண்டாதபோது நிறுத்திவிடுவார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ஆப்ஷன் மூலம் நடிகையை எப்போது வெளியே அனுப்பலாம் என்பது ஸ்டூடியோவின் கையில். லோன்-அவுட் மூலம் அவருடைய சந்தை மதிப்பு ஸ்டூடியோவின் பையில். சஸ்பென்ஷன் மூலம் அவர் எப்போது வெளியே போகலாம் என்பதும் ஸ்டூடியோவின் கையில். சம்பளம் எவ்வளவு என்பது இந்த மூன்றிலும் வரவே இல்லை, பாருங்கள். “நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன புகார்” என்ற கேள்வி அதனால்தான் குறி தவறிப் போகிறது.

## ஒலிவியாவுக்கு முன் முயன்றவர்

இவருக்கு முன்பே அதே வார்னரோடு மோதியவர் பெட் டேவிஸ். ஏற்கனவே ஆஸ்கர் வாங்கியிருந்தவர், 1936-ல் கொடுக்கும் கதைகள் பிடிக்காமல் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போய் அங்கே ஒரு படத்துக்கு ஒப்புக்கொண்டார். வார்னர் லண்டன் வரைக்கும் துரத்திப் போய் வழக்குப் போட்டது.

நீதிமன்றம் ஒரு நுணுக்கமான வேறுபாட்டைப் பார்த்தது. “நீ வார்னருக்கு நடித்தே ஆக வேண்டும்” என்று ஒரு ஆளை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் “வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது” என்று தடை போடலாம். அப்படித்தான் தீர்ப்பு வந்தது. டேவிஸ் பட்டினி கிடக்கப் போவதில்லை, நடிப்பை விட்டு வேறு வேலை பார்த்துப் பிழைக்கலாமே என்பது அதில் உள்ளடங்கிய வாதம். அவர் வேறு வழியில்லாமல் ஹாலிவுட் திரும்பினார். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு, இந்தியாவிலும்கூட, இந்த வழக்கு ‘வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்’ என்ற பெயரில் பழக்கமானது. நெல்சன் என்பது டேவிஸின் அப்போதைய கணவரின் குடும்பப் பெயர்.

டேவிஸ் தோற்றதற்குக் காரணம் அவர் துணிச்சலில் குறைந்தவர் என்பதல்ல. அவர் ஒப்பந்தக் காலத்துக்கு நடுவில் கிளம்பினார். “இந்த ஒப்பந்தம் நியாயமில்லை” என்று சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட ஆவணம் நியாயமில்லை என்று நிரூபிப்பது எந்த நாட்டு நீதிமன்றத்திலும் கஷ்டமான காரியம்.

## பழைய சட்டத்தில் கிடந்த ஒரு வரி

1943 மே மாதம் ஒலிவியாவின் ஏழு வருடம் முடிந்தது. கணக்குப்படி அவர் சுதந்திரப் பறவை. சஸ்பென்ஷனில் இருந்த காலத்துக்காக இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றது வார்னர். என்னுடைய 40 நாள் மாதிரி.

அவர் மார்ட்டின் கேங் என்ற வழக்கறிஞரிடம் போனார். கேங் காட்டிய வழி, ஒப்பந்தத்தின் நியாய அநியாயத்தைத் தொடவே இல்லை. கலிபோர்னியாவில் ஒரு பழைய சட்ட விதி உண்டு. ஒருவர் தன் உழைப்பைத் தருவதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை, வேலை தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட வருடங்களுக்கு மேல் அவர்மீது கட்டாயப்படுத்த முடியாது. 1872-ல் இந்த வரம்பு இரண்டே வருடம். 1919-ல் ஐந்து ஆனது. 1931-ல் ஏழு ஆனது. ஹாலிவுட் ஒப்பந்தங்கள் சொல்லிவைத்தாற்போல ஏழு வருடத்துக்கு எழுதப்பட்டதன் ரகசியம் இதுதான். சட்டம் அனுமதித்த கடைசி எல்லை வரை போனார்கள், சஸ்பென்ஷனை வைத்து அதையும் தாண்டிப் போனார்கள். 1937 முதல் இந்த விதி தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855-ம் பிரிவாக இருக்கிறது.

கவனியுங்கள், இது நடிகர்களுக்காக எழுதிய சட்டம் இல்லை. சினிமாவே இல்லாத காலத்தில், கூலி ஆட்களை ஆயுள் முழுக்க ஒரே முதலாளியிடம் கட்டிப்போடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்தது.

1943 ஆகஸ்டில் வழக்குத் தாக்கல் ஆனது. இரண்டு பக்கமும் சொன்னதைப் பேச்சுவழக்கில் சொன்னால் இப்படி இருக்கும்.

ஸ்டூடியோ: ஏழு வருடம் என்றால் ஏழு வருட வேலை. வேலை செய்யாத வாரங்களை எப்படிச் சேர்ப்பது? தவிர, அந்த வாரங்களைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்று அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒலிவியா தரப்பு: ஏழு வருடம் என்றால் காலண்டரில் ஏழு வருடம். 1936 மே மாதத்திலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள், 1943 மே வருகிறதா இல்லையா?

1943 நவம்பரில் கீழ் நீதிமன்றம் காலண்டர் பக்கம் நின்றது. வார்னர் மேல்முறையீடு போனது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஸ்டூடியோவின் இரண்டாவது வாதத்துக்கு அது சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தச் சட்டம் ஒரு தனி ஆளுக்குக் கொடுத்த சலுகை இல்லை, பொது நன்மைக்காக வந்தது. அதனால் “எனக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம்” என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. குறைந்த சம்பளம் வாங்குகிறவனிடம் “குறைந்தபட்சக் கூலி வேண்டாம்” என்று எழுதி வாங்கிவிட்டால் சட்டம் ஒழிந்துபோகுமா, அந்த மாதிரி. 1945 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி எடுக்க மறுத்தது. அதோடு முடிந்தது.

ஆக, தீர்ப்பு சொன்னது இவ்வளவுதான்: ஏழு வருடம் என்பது காலண்டர் வருடம், அதை நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, ஊழியரே ஒத்துக்கொண்டாலும் முடியாது.

## தீர்ப்பு சொல்லாதவை

தளர்வாகப் பேசும்போது இங்கேதான் நிறையத் தவறு வரும்.

ஏழு வருடத்துக்கு மேல் ஒப்பந்தமே போடக் கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஊழியருக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகத் தொடரலாம், முதலாளி கட்டாயப்படுத்த முடியாது என்பது மட்டும்தான். ஏழு வருடத்துக்குள் நடிகர் நினைத்தபோது கிளம்பலாம் என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வருடத்தில் ஓடியிருந்தால் ஒலிவியாவும் பெட் டேவிஸ் மாதிரி மாட்டியிருப்பார். ஆப்ஷனையும் லோன்-அவுட்டையும் அது தொடவே இல்லை. சஸ்பென்ஷனைக்கூட ஒழிக்கவில்லை, சம்பளத்தை நிறுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு அப்படியே இருந்தது. போனது ஒன்றுதான்: காலத்தை நீட்டும் உரிமை.

அது மட்டும் போனதற்கு இவ்வளவு விளைவா என்றால், ஆமாம். முடிவுத் தேதி உறுதியாகத் தெரிந்துவிட்டால் பேரம் பேசும் இடமே மாறிவிடும். ஆறாவது வருடத்தில் இருக்கும் நடிகையை ஸ்டூடியோ கொஞ்சம் பார்த்து நடத்தும். போருக்குப் போன நடிகர்களின் வருடங்களும் காலண்டரில் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்று ஆனது. போர் முடிந்து திரும்பிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எம்.ஜி.எம்மோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 1950-ல் யுனிவர்சலுக்கு நடித்தபோது சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஸ்டூடியோ முறையையே இவர் ஒருவர் சாய்த்தார் என்பது மிகை. 1948-ல் பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டி வந்தது. கூடவே தொலைக்காட்சி வந்தது. தியேட்டர் போனால் வாரம் ஒரு படம் வேண்டாம், வாரம் ஒரு படம் வேண்டாம் என்றால் நடிகர்களை இருப்பில் வைக்கவும் வேண்டாம். ஆலையின் அஸ்திவாரமே போய்விட்டது.

## வழக்கின் விலை, வழக்கின் பலன்

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது வார்னர் மற்ற ஸ்டூடியோக்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதன் விளைவு, கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒலிவியா எந்தப் படத்திலும் நடிக்க முடியவில்லை. 27, 28 வயது, ஒரு நடிகைக்கு எப்படிப்பட்ட வயது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அலாஸ்காவிலும் தென் பசிபிக் தீவுகளிலும் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவந்தார். போன இடத்தில் நிமோனியா வந்து இவரே ஒரு ராணுவ மருத்துவமனையில் படுத்தார்.

திரும்பி வந்து பாரமவுண்டில் நடித்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ 1946-ல் வெளிவந்தது. முதல் ஆஸ்கர். 1948-ல் ‘தி ஸ்னேக் பிட்’, மனநலக் காப்பகத்தில் அடைபட்ட பெண் வேடம். அதற்காக மனநல மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ச் சிகிச்சை முறைகளைப் பார்த்தார், உடம்பை இளைக்கவைத்தார். பழைய ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் இப்படி ஒரு கதை கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறேன், கிடைத்திருக்காது என்றுதான் படுகிறது.

1949-ல் ‘தி ஏரெஸ்’ எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பிராட்வேயில் அந்த நாடகத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு இயக்குநர் வில்லியம் வைலரைக் கூப்பிட்டு, நீங்கள் நியூயார்க் வந்து இதைப் பாருங்கள் என்றார். வைலர் பார்த்தார், பாரமவுண்ட் உரிமை வாங்கியது. ராணியின் பணிப்பெண்ணாக நில் என்றால் நிற்க வேண்டியிருந்தவர், பத்து வருடத்தில் கதையையும் இயக்குநரையும் தானே தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

படத்தில் ஒரு காட்சி. காதலன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்த பெண், ஓடிப்போகக் கட்டி வைத்த பெட்டியோடு மாடிப்படி ஏற வேண்டும். வைலர் விடாமல் திரும்பத் திரும்ப எடுக்கும் ஆள். எத்தனையாவது முறையோ, ஒலிவியா எரிச்சலில் பெட்டியை விசிறி எறிந்தார் என்பார்கள். அது பறந்து வந்த வேகத்தில்தான் வைலருக்குப் புரிந்திருக்கிறது, பெட்டி காலி. உள்ளே கனமான புத்தகங்களை அடுக்கி மறுபடி ஏறச் சொன்னார். படத்தில் அவர் ஒவ்வொரு படியாக உடம்பை இழுத்துக்கொண்டு ஏறுவதை இன்று பார்த்தாலும் தோள் வலிக்கும். இரண்டாவது ஆஸ்கர் அந்தப் படத்துக்கு.

## 2855 இன்று

ஒலிவியா 1950-களில் பாரிஸில் குடியேறினார். அங்கேயே 2020 ஜூலையில் 104 வயதில் இறந்தார். நீதிமன்றப் பழக்கம் மட்டும் விடவில்லை. 2017-ல், 101-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், ஒரு தொடரில் தன்னை வம்பளக்கிற பெண்ணாகக் காட்டியதாகச் சொல்லி எஃப்.எக்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அந்த முறை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

1944 தீர்ப்பைச் சட்டக்காரர்கள் இன்றும் ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே சொல்கிறார்கள். சட்டம் அவர் இயற்றியதல்ல, தீர்ப்புதான் அவருடையது, பெயர் ஒட்டிக்கொண்டது. சினிமாவைவிட அது அதிகம் அடிபடுவது இப்போது இசைத்துறையில். இசை நிறுவனங்கள் ஒப்பந்தத்தை வருடத்தில் அளப்பதில்லை, ஆல்பத்தில் அளக்கின்றன. ஐந்து ஆல்பம், ஆறு ஆல்பம் என்று எழுதுவார்கள். ஒரு ஆல்பத்துக்கு இரண்டு மூன்று வருடம் ஆனால் ஏழு வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். 2008-ல் இ.எம்.ஐ என்ற இசை நிறுவனம், தர வேண்டிய ஆல்பங்களைத் தரவில்லை என்று ஜேரட் லெட்டோவின் ‘தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ இசைக்குழுவிடம் 30 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. லெட்டோ தரப்பு எடுத்து நீட்டியது ஒலிவியாவின் தீர்ப்பைத்தான். அடுத்த வருடம் சமரசம் ஆனது.

லெட்டோ தரப்புக்கு வேலை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1987-ல் இசை நிறுவனங்கள் அந்த விதியில் தங்களுக்காக ஒரு திருத்தம் சேர்க்க வைத்திருந்தன. ஏழு வருடம் முடிந்து பாடகர் கிளம்பலாம், ஆனால் தராமல் விட்ட ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்டு நிறுவனம் வழக்குப் போடலாம் என்பது அது. அதை நீக்கச் சொல்லி 2022-ல் ஒரு மசோதா கலிபோர்னியா சட்டமன்றம் வரை வந்தது. நிறைவேறவில்லை. அங்கே கடிகாரம் இன்னும் பாதி முதலாளி பையில்தான் இருக்கிறது.